மல்லிகிரப்ஸுக்கு ஒரு நாள் லீவு

போன வாரம் செம்பூரில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் மேஜைமேல் கிடக்கிறது. மருந்தின் பெயருக்கு மேலே, கோழி கிறுக்கினாற்போல, 'மைக்ரேன்' என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததும் அவள் எதிரிலேயே சிரித்துவிட்டேன். தலையில் ஒரு பக்கம் சம்மட்டி அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கிழவி சிரித்தால் டாக்டர் என்ன நினைப்பாள்? "என்ன ஆன்ட்டி, என்ன ஜோக்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை அம்மா என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த ஜோக் புரிகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், நீ. வருகிற ஆவணியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது.

மைக்ரேனும் மீக்ரிம்ஸும் அக்கா தங்கை என்று கண்டுபிடித்தவள் நீதானே? கிரேக்கத்தில் 'பாதி மண்டை' என்று ஒரு சொல். பிரெஞ்சுக்காரன் வாயில் பாதி தேய்ந்து, இங்கிலீஷ்காரன் வாயில் மீதியும் தேய்ந்து, மீக்ரிம் ஆகிவிட்டது. முதலில் அது வெறும் தலைவலி. பிறகு மனசு சுருண்டு படுத்துக்கொள்வதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பெயரையும் மறந்துவிட்டார்கள். "நாமளும் ஒத்தைத் தலைவலின்னுதானே சொல்றோம்! பாதி மண்டைன்னு அவாளுக்கும் தோணியிருக்கு பாரேன்!" என்று மாட்டுங்கா ஸ்டேஷனில் நீ போட்ட கூச்சலில், கூடையோடு நின்றிருந்த மராத்தி மீன்காரி திரும்பிப் பார்த்தாள். ஆனால் அது, நீ மறுபடி கூச்சல் போட ஆரம்பித்த பிறகு. அதற்கு முன்னால் நீ பேசாமலே இருந்த காலம் ஒன்று உண்டு.

அறுபதுகளின் நடுவில் நாம் இருவரும் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரே ஆபீஸில் டைப்பிஸ்டுகள். வீடும் மாட்டுங்காவில் அடுத்தடுத்த தெரு. காலையில் அதே ஸ்லோ லோக்கல் ரயில், அதே லேடீஸ் பெட்டி, மடியில் சாப்பாட்டு டப்பா. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவன் ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதியை உன் தலையில் கட்டினான். அட்டை இல்லை, ஏ எழுத்தே மொத்தமாக இல்லை. "ஆரம்பம் இல்லாட்டா என்னடி, முடிவு இருக்கே" என்று சொல்லி அந்தச் செங்கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாய். பேப்பரில் வரும் குறுக்கெழுத்துக்குத்தான் அதை வாங்கினாய். அந்த வருஷம் நீ பிள்ளையாண்டிருந்தாய். குறுக்கெழுத்துக்குச் சரியான சொல் கிடைத்தால் வயிற்றில் உதைக்கிறது என்று பெருமை அடித்துக்கொள்வாய்.

பிரசவ லீவு முடிவதற்கு முன்பே நீ வேலைக்குத் திரும்பினாய், குழந்தை இல்லாமல். ஆபீஸில் எல்லோரும் உன்னைப் பார்த்ததும் டைப்ரைட்டரைப் பார்த்தார்கள். உன் மாமியார் கெட்டவள் இல்லை. "போனதைப் பேசப்படாது, அடுத்தது நன்னாப் பொறக்கும்" என்று சொல்லி அந்தக் கதவைச் சாத்திவிட்டாள். உன் வீட்டுக்காரர் தினமும் பூ வாங்கி வந்தார். பூவை வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவார். நீ அழவில்லை, பேசவில்லை, தினமும் தலைவாரிக்கொண்டு ரயிலுக்கு வந்தாய். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பைகுல்லா தாண்டும்போது நீயாகவே வாயைத் திறந்தாய். "டாக்டர் உடம்புக்கு ஒண்ணுமில்லேங்கறார். ஆத்துல மனசுக்கு ஒண்ணுமில்லேங்கறா. அப்போ இதுக்குப் பேர் என்னடி? எங்கேயாவது ஒரு பேர் இருக்கணுமோல்லியோ?"

மறுநாள் அந்தச் செங்கல்லை ரயிலுக்கே தூக்கிக்கொண்டு வந்தாய்.

அம்மாடி, எத்தனை பெயர்கள்! நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரன் ஊரிலும் மனிதர்கள் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதை அழகாகப் பெயர் சொல்லியும் அழைத்திருக்கிறார்கள். டம்ப்ஸ் என்றால் லேசான சோர்வு. மூடுபனிக்கு டச்சுக்காரர்கள் சொல்லும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று புத்தகம் இழுத்தது. ஹிப் என்பது இடுப்பு இல்லை, ஹைப்போகாண்ட்ரியாவின் சுருக்கம், விலா எலும்புக்குக் கீழே இருக்கிற இடம். துக்கம் அங்கேதான் ஊறுகிறதென்று நம்பினார்களாம். மெலங்கலிக்குக் கறுப்புப் பித்தம் என்று அர்த்தம் போட்டிருந்ததைப் பார்த்து, "எல்லாப் பழியும் பித்தத்துமேலதான், இங்கேயும் அங்கேயும்" என்றாய். ப்ளூ டெவில்ஸ் என்றால் நீல நிறப் பிசாசுகள். மல்லிகிரப்ஸ் என்றால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளும் மனச்சோர்வு. மப்பிள்ஃபப்பிள்ஸும் அதே ஜாதிதான், ஆனால் எங்கிருந்து வந்தது என்று யாருக்குமே தெரியாதாம். வாய்க்குள் அவலைப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி அதை நீ சொல்லிப் பார்த்தாய். உன் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதிலிருந்துதான் நம் வழக்கம் ஆரம்பித்தது. பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்ததும் நான் "இன்னிக்கு என்ன?" என்பேன். நீ ஒரு சொல்லைச் சொல்வாய். டம்ப்ஸ் என்றால் பேச்சுக் கொடுக்கலாம். ஹிப் என்றால் ஜன்னலோர இடத்தை விட்டுவிட வேண்டும். நீலப் பிசாசு என்றால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். உன்னிடம் யாரும் கேட்காத கேள்வியை நான் இப்படித்தான் தினமும் கேட்டேன்.

டபிள்யூ பக்கத்தில்தான் அந்தச் சொல் இருந்தது. வான்ஹோப். பழைய இங்கிலீஷில் 'வான்' என்றால் இல்லாமை. நம்பிக்கை அற்றுப்போன நிலை. பிரெஞ்சிலிருந்து வேறொரு சொல் வந்து உட்கார்ந்ததும் இது வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாய். "இதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னேன்னு வெச்சுக்கோ, அன்னிக்கு என்னை ஆபீஸுக்கு விடாதே. எங்கேயாவது அழைச்சுண்டு போயிடு" என்றாய்.

மழைக்கால முடிவில் ஒரு காலை, "இன்னிக்கு என்ன?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாய். "வான்ஹோப்."

ஆபீஸுக்குப் போகிற வி.டி. வண்டி வந்து நின்றது. நான் உன் முழங்கையை இறுக்கிப் பிடித்தபடி அதைப் போகவிட்டேன். பிறகு மாடிப்படி ஏறி, எதிர்ப் பிளாட்பாரத்தில் இறங்கி, கல்யாண் வண்டியில் உன்னை ஏற்றினேன். ஏன் கல்யாண் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அந்த வண்டி கடைசியாகப் போய் நிற்கும் இடம் அது, அவ்வளவுதான். ஊரே ஒரு திசையில் பிதுங்கிக்கொண்டு போக, நாம் காலிப் பெட்டியில் எதிர்த்திசையில் போனோம்.

கல்யாணில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நம் டப்பாக்களைத் திறந்தோம். என்னுடையது தயிர்சாதம், உன்னுடையது எலுமிச்சம்பழ சாதம். பாதி சாப்பிடும்போது நீ சொன்னாய். "பொண்ணுடி. தலை நெறைய முடி. நர்ஸ் ஒரே ஒரு தடவை காமிச்சா, அப்புறம் எடுத்துண்டு போயிட்டா. யாருமே என்னண்ட ஒண்ணும் கேக்கலை." அதற்குப் பிறகு நீ அழுதாய். நானும் அழுதேன். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த போர்ட்டர் ஒருவர், 'பாணி?' என்று மராத்தியில் மட்டும் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு தண்ணீர்க் கூஜாவை நம் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

உயிரில்லாமல் பிறக்கிற குழந்தைக்கு நம்மில் பேர் வைக்கிற வழக்கமில்லை, பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவதும் இல்லை. ஆனால் நீ முன்பே ஒரு பெயர் வைத்திருந்தாய். "யார்கிட்டயும் சொல்லலை, இவர்கிட்டகூட" என்று அதை என் காதில் சொன்னாய். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லேன்" என்றாய். சொன்னேன். திரும்பி வரும்போது டோம்பிவிலி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

மறுநாள் லீவு சீட்டு எழுத வேண்டும். காரணம் என்ன எழுதுவது? ஜுரம், வயிற்றுவலி, சீமந்தம் எல்லாம் எழுதலாம். துக்கம் என்று எழுத இடமே கிடையாது. நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு 'கடுமையான மல்லிகிரப்ஸ்' என்று டைப் அடித்தாய். நான் மீக்ரிம்ஸ் என்று அடித்தேன். எங்கிருந்தோ ஓர் அசட்டுத் தைரியம்.

நம் சூப்பிரண்டென்ட் பாலக்காட்டுக்காரர். இங்கிலீஷில் தனக்குத் தெரியாத சொல் ஒன்று உண்டென்று ஒப்புக்கொள்வதைவிட ராஜினாமா செய்துவிடுவார். நம் மாட்டுங்கா மனிதர்கள் எல்லோருக்குமே இருக்கிற வியாதிதான் அது. சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். "மல்லிகிரப்ஸா? ஜாக்கிரதையா இருக்கணும் கேட்டேளா. எங்காத்துல இவளுக்குப் போன மழையிலே வந்து படுத்த படுக்கையாக் கெடந்தா. மோர் நெறையச் சாப்பிடுங்கோ, காப்பியைக் கொறச்சுக்கோங்கோ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து என்னிடம் திரும்பி, "மீக்ரிம்ஸ் பரவாயில்லை. அது ஒட்டுவாரொட்டி, மத்தவாளுக்கு வராம பாத்துக்கோங்கோ" என்றார்.

மாடிப்படித் திருப்பம் வரை நீ அடக்கிக்கொண்டாய். அங்கே சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டேன். அந்தப் படிக்கட்டில் எனக்கு உயிர் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அகராதியைப் புரட்டினால், மல்லிகிரப்ஸுக்கு வயிற்றுவலி என்றும் ஓர் அர்த்தம் இருந்தது. மனிதர் சொன்ன மோர் அப்படியொன்றும் தவறில்லை.

பிறகு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தான், வளர்ந்து எங்கோ குளிர்தேசத்துக்குப் போனான். நான் செம்பூருக்குக் குடிபோனேன். ரயிலுக்குப் பதில் டெலிபோன் வந்தது, கேள்வி மட்டும் மாறவில்லை. வான்ஹோப் என்று நீ மறுபடி ஒருநாளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டபோது, "வெறும் டம்ப்ஸ்தான்டி, பயப்படாதே" என்றாய். எனக்காகச் சொன்ன பொய் என்று தெரிந்தும் தலையை ஆட்டினேன்.

நம் புத்தகத்தில் தொலைந்துபோன ஏ எழுத்தில் என்ன இருந்தது என்று இப்போது தெரிந்துகொண்டேன். ஆக்ஸிடி. கிறிஸ்தவ மடத்துத் துறவிகளுக்கு நடு மத்தியானத்தில் வருமாம். சூரியன் நகராதாம், எதிலும் மனசு ஒட்டாதாம். அக்கறையின்மை என்றுதான் கிரேக்கத்தில் அதற்கு அர்த்தம். நீ போன பிறகு எனக்கு வந்திருப்பது அதுதான். இன்னிக்கு என்ன என்று கேட்க ஆள் இல்லாததால், உனக்கே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு வேலை மட்டும் தவறுவதில்லை. உன் வீட்டுக்காரரும் போய்விட்டார். தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே உன் பிள்ளைக்குத் தெரியாது. கல்யாண் பெஞ்சில் நீ என் காதில் சொன்ன பெயரைத் தெரிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். அதை இங்கே எழுதமாட்டேன். பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, வாய்விட்டு ஒரு தடவை சொல்கிறேன். நீ கேட்பாய் என்று, இன்னொரு தடவையும் சொல்கிறேன்.