கூப்பிட்டதைக் கேட்டவர்கள்

தீக்கோயி,
ஞாயிறு மதியம்

மதிப்புக்குரிய அச்சனுக்கு, உங்கள் தம்பி மனைவி ரோசிலி எழுதுவது. இயேசு மிசிகாவுக்குத் துதி.

இத்தாலியில் பனி தொடங்கியிருக்கும். பூசை வைக்க எழும்போது நெஞ்சை மூடிக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். இங்கே மழை விடவில்லை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. பசு ஈன்றது, கிடாரிக் கன்று.

தியானக் குழு நன்றாகப் போகிறது என்று உங்கள் தம்பி போனில் சொல்லியிருப்பார். போகத்தான் செய்கிறது. கண்ணை மூடி ஒரே ஜெப வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கப் போன விடுமுறையில் நீங்கள் கற்றுக்கொடுத்தபோது நாங்கள் இருவர்தான். இப்போது தினமும் மாலையில் முன்னறை நிறைகிறது. ஆளுக்கொரு மணை, நடுவில் மெழுகுவர்த்தி, தொடக்கத்திலும் முடிவிலும் தட்ட ஒரு வெண்கலக் கிண்ணம். பேங்க் வர்க்கிச்சன் இதற்கென்றே வெள்ளை ஜிப்பா தைத்துக்கொண்டார். அன்னக்குட்டி டீச்சர் கண்ணை மூடும்போது முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொள்வார். யாராவது பார்க்கிறார்களா என்று நடுவில் ஒரு கண்ணைத் திறந்தும் பார்ப்பார். இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமைக்குப் பிறகு முடியவில்லை.

தியானம் முடிந்ததும் அவர்களுக்குக் கட்டன் காப்பி வேண்டும். சர்க்கரை தீர்ந்திருந்தது. அப்பச்சன் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி அடுக்களை வழியாக வந்தால் அப்பச்சன் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார். வாதம் வந்த கால் அடியில் மடங்கியிருக்கிறது. வேட்டியில் மூத்திரம், மலம் எல்லாம். இதை ஒரு அச்சனுக்கு எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள், உங்களைப் பெற்றவர்தானே. சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தார். அவர் அறைக்கும் முன்னறைக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் அத்தனை பேரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

தனியாகத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்போதுதான் கிண்ணம் ஒலித்தது. வர்க்கிச்சன் உங்கள் தம்பியிடம் பேசுவது கேட்டது: “இன்னைக்கு என்ன ஒரு ஆழம், லூக்கா. உள்ளே அப்படியே இறங்கிட்டேன்.” கையைக்கூடக் கழுவாமல் போய் வாசலில் நின்று, ஒருத்தருக்கும் கேட்கவில்லையா என்று கேட்டேன். டீச்சர்தான் பதில் சொன்னார்: “கேட்டுது ரோசிலி. நாலஞ்சு தரம் கூப்பிட்டாரு. எனக்கும் மனசு ஒரு ஆட்டம் ஆடிடுச்சு. ஆனா அதை அப்படியே விட்டுட்டு வார்த்தைக்குத் திரும்பிட்டேன்.” பரிசு வாங்கியவர் மாதிரி சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அச்சன். கையில் இருந்த நாற்றத்தால் இல்லை.

எந்தச் சத்தம் வந்தாலும் வரட்டும், போகட்டும், நீங்கள் வார்த்தைக்குத் திரும்புங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நீங்கள் சொன்னது கோழிக் கூவலையும் பஸ் ஹாரனையும் என்று எனக்குப் புரிந்தது. இவர்களுக்கு அப்பச்சனும் ஒரு கோழியாகிவிட்டார். மாறானாத்தா, ஆண்டவரே வாரும் என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்த இத்தனை பேரில், கூப்பிட்ட மனுசனிடம் போக ஒருவருக்கும் கால் எழவில்லை.

இரவில் உங்கள் தம்பியிடம் கேட்டேன். சொன்னார்: “அப்பச்சன் என்னைக் கூப்பிடலையே. சேட்டனைத்தானே கூப்பிட்டாரு.” அது உண்மைதானாம், டீச்சரும் அப்படித்தான் சொன்னார். “தேவசிக்குட்டியே, வாடா மோனே” என்று உங்களைத்தான் கூப்பிட்டாராம். பக்கத்தில் இருக்கிற மகன் தன் பெயர் இல்லை என்று கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் காரணத்தைக் கேட்டபோது அவர் படுக்கையில் படுக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்பச்சன் அறையில் பாய் போட்டுக்கொண்டேன், இன்னும் அங்கேதான் படுக்கிறேன்.

எனக்கும் ஒரு நஷ்டம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் விடியற்காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் உட்காருவேன். நடுவில் அப்பச்சன் கூப்பிட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, விட்ட இடத்தில் மறுபடி உட்காருவேன். அது தியானக் கணக்கில் சேருமா என்று தெரியாது, ஆனால் அந்தப் பொழுதுதான் என்னை அன்றைய நாள் முழுக்கத் தாங்கும். இப்போது அந்த வார்த்தையைச் சொல்லத் தொடங்கினாலே டீச்சரின் சிரிப்பு முன்னால் வந்து நிற்கிறது. காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. ஜெபத்தில் இப்படித் தோன்றுவது பாவம் என்றால் நீங்களே அதற்கு ஒரு பரிகாரம் சொல்லுங்கள்.

ஜனவரியில் நீங்கள் வந்து, குழுவுக்கென்று கட்டுகிற தியான மண்டபத்தைத் திறந்துவைக்கப் போவதாக நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். உங்கள் படமும் போட்டிருக்கிறார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஜனவரி வரை அப்பச்சன் தாங்க மாட்டார். கஞ்சியை ஒதுக்குகிறார், தண்ணீரையும் ஒதுக்குகிறார். குடித்தால் ஒன்றுக்கு வரும், வந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும், அதனால்தான். நனைந்து கிடந்தாலும் வாயைத் திறப்பதில்லை. நானாகத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் மடத்துப் பெரியவரிடம் கேட்டு முன்னதாகவே வந்துவிடுங்கள். முன்வாசல் வேண்டாம், அடுக்களை வழியாக வாருங்கள், நேராக அவர் அறைக்கு. அவர் உங்களைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார், அச்சன். இனி நீங்கள் கூப்பிடாமலே வர வேண்டும்.

உங்கள் ஆசீரை எதிர்பார்த்து,
ரோசிலி