ஜெனிற்றாவின் பன்றிக்கறிக்குச் செப்புச் சன்னம்

2008 ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். ஹனோவர் வானத்துக்கு வேறு வேலை இல்லை. பல்கனித் தண்ணீர்க் குழாயில் அடைப்பு. இன்றும் பார்க்கவில்லை.

மாலையில் டுசல்டோர்ஃபிலிருந்து மகள் ஜெனிற்றா போன். ஐந்தாம் மாதம். இன்னும் வாந்தி நின்றபாடில்லை. எதைக் கண்டாலும் அருவருப்பாம்.

"அப்பா, நீங்கள் வேட்டையிலை கொண்டுவாற காட்டுப்பண்டிக் கறி ஒண்டுதான் மனசிலை நிக்குது. ஆனா டொக்டர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா. சுடுற சன்னத்திலை ஈயமாம். இறைச்சிக்குள்ளை தூளாய்ப் போகுமாம். வயித்திலை இருக்கிற பிள்ளைக்குக் கூடாதாம்."

பிறகு குரலைத் தணித்து, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. பத்தியம் எண்டு வெளிக்கிட்டிடுவா."

ஓம் என்றேன். தாயை எனக்கும் தெரியும்.

ஈயமில்லாத சன்னமும் வந்திருக்கிறது. முழுச் செம்பு. நவம்பர் நடுவில் கூட்டு வேட்டை. அதற்குள் என் துவக்குக்கு ஒத்துப்போவதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை கேட்டது ஒரு கறி. அதைக்கூடக் கொடுக்காவிட்டால் நான் என்ன தகப்பன்.

ஒக்டோபர் 18, சனி

துவக்குக் கடை. ஒரு கேள்வி கேட்டேன், கடையில் நின்ற எல்லோரும் பதில் சொன்னார்கள்.

கடைக்காரர்: செம்பு கடினம், விரியாது, ஊசிபோல உள்ளே போய் மறுபக்கம் வரும்.
தாடிக்காரர்: விரியும், வேகம் வேண்டும், எடை குறைந்ததை எடு.
பச்சைத் தொப்பிக்காரர்: கல்லில் பட்டால் தெறித்து உன்னிடமே திரும்பும்.

மூவரும் தங்களுக்குள் சண்டை. என்னை மறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் பார்த்தால் அங்கே இதைவிடப் பெரிய சண்டை, தகப்பன் பெயர் வரைக்கும் இழுக்கிறார்கள்.

இரண்டு வகை வாங்கினேன். ஒன்று பழைய ஈயச் சன்னத்தின் எடை. மற்றது எடை குறைந்தது, முனையில் சின்னக் குழி.

மனைவி ரெஜினா பெட்டிகளைப் பார்த்தாள். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்து அகதியெண்டு பதிஞ்ச மனிசன். இப்ப சாப்பாட்டு மேசையிலை சன்னம் பரப்பி வைச்சிருக்கிறார்."

பெட்டிகளை எடுத்து அலுமாரியில் பூட்டினேன்.

ஒக்டோபர் 25, சனி

சுடும் தளம். குளிர். நூறு மீற்றர். கனமானது தாள் முழுக்க அங்கொன்று இங்கொன்று. லேசானது இன்னும் மோசம், கடைசி வெடி தாளிலேயே இல்லை.

ஹோர்ஸ்டுக்கு ஒரே சிரிப்பு. தொழிற்சாலையில் என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்றவர், இப்போது பென்சன். வேட்டைக்காடு அவருடைய குத்தகை. வேட்டைப் பரீட்சைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான்.

"நான் பல் முளைத்த நாளிலிருந்து ஈயத்தில் விழுந்த இறைச்சிதான் தின்கிறேன். எனக்கு என்ன குறை?"

சொல்லத் தொடங்கினால் பொழுது காணாது. தாளைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

கடைக்காரருக்குப் போன். "துவக்குக் குழாயைக் கழுவினீர்களா? பழைய சன்னத்தின் படிவுக்கு மேலே புதுச் சன்னம் ஓடினால் அப்படித்தான்." இதைப் பெட்டி விற்கும்போது சொல்ல வாய் இல்லையாமா?

குசினியில் வைத்துக் கழுவினேன். துணி நீலம் நீலமாக வந்தது. கழுவும் மருந்தின் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. ரெ. யன்னலையெல்லாம் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவோடு போனில்: "ஓமக்கா, துவக்குக்குக் குளிப்பாட்டு நடக்குது. பல்கனிக் குழாய் அடைச்சு ஒரு மாசம், அதைப் பார்க்க ஏலாது."

நவம்பர் 8, சனி

லேசானதில் மூன்று வெடி. மூன்றும் ஒரு தேநீர்க் கோப்பை வாய்க்குள். கனமானது இன்னும் குடிகாரன் நடைதான். முடிவு: லேசானது.

ஹோர்ஸ்ட்: "தற்செயல்."

நவம்பர் 15, சனி

கூட்டு வேட்டை. மூடுபனி, கால்விரல் மரத்துவிட்டது. செம்பு தெறிக்கும் என்ற பயத்தில் ஹோ. என்னை ஒரு மூலையில் விட்டார், எதிரே மண்மேடு. காலை முழுக்க அந்த மண்ணைப் பார்த்தபடி. மற்றப் பக்கமெல்லாம் வெடிச்சத்தம்.

முடியும் தறுவாயில் ஓர் இளம் பன்றி, நடுத்தரம். சுட்டேன். ஓடிவிட்டது. நிலத்தில் சொட்டு இரத்தம் இல்லை. ஹோ. "சொன்னேனே" என்ற முகத்தோடு வந்தார். ஜெனிற்றாவிடம் என்ன சொல்வது?

ஹோ.வின் நாய் முட்பற்றைக்குள் புகுந்து குரைத்தது. அங்கேதான் கிடந்தது. சன்னம் நெஞ்சுக்குள்ளால் நேராய்ப் போயிருந்தது.

பங்கு பிரிக்கையில் வழக்கம்போல எல்லாருடைய பன்றிகளின் முன்னங்கால் சப்பையையும் என் பக்கம் தள்ளினார்கள். வெடி பட்ட இடம், இவர்கள் தொடமாட்டார்கள். எலும்போடு சின்னனாக வெட்டி உறைப்பாய் ஆக்குவதற்கு எங்களுக்கு அதுதான் திறம். ஈயத்தூள் நிறைந்த இடமும் அதுதானாம். வேண்டாம், என்னுடையது மட்டும் போதும் என்றேன். ஹோ.வின் முகம் கறுத்துவிட்டது.

நவம்பர் 19, புதன்

பன்றி இறைச்சியின் புழுச் சோதனை முடிவு வந்தது, குறை இல்லை. வெட்டி, பொதி கட்டி, எல்லாவற்றுக்கும் சிவப்பு நாடா ஒட்டி பிரீசரில் வைத்தேன். ஈயத்தில் விழுந்த போன வருடத்துப் பொதிகளும் அங்கேதான், நாடா இல்லை.

ரெ.விடம் சொன்னேன்: "சிவப்பு நாடாதான் புதுசு. நல்ல இறைச்சி." வேறு என்ன சொல்ல, பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

முதல் பனி. ரயில் தாமதம். ஜெ. கன்னம் ஒட்டிப்போய் இறங்கினாள். காரில் ஏறியதும் "செம்புதானே அப்பா?" "செம்புதான் பிள்ளை, பயப்படாதை" என்றேன்.

படியிலேயே கறி வாசம். பிள்ளை சப்பாத்தைக்கூட ஒழுங்காய்க் கழற்றவில்லை. ரெ. சோறு போட்டு, கறி போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள். நான் கை கழுவக் குசினிக்குள் போனேன். குப்பை வாளியில் பொதி கட்டிய தாள். நாடா இல்லை.

"வாயிலை வைக்காதை!"

பிள்ளையின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

ரெ. திகைத்துப்போனாள். "என்னப்பா கத்துறியள்? நல்ல இறைச்சி எண்டியள், கிறிஸ்மசுக்கு வைச்சிருக்கிறன். பழசை முதல் முடிக்க வேண்டாமே?"

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. டொக்டர், ஈயம், செம்பு, போன். ஜெ. அழத் தொடங்கினாள். ரெ. பிள்ளையின் சோற்றுக் கோப்பையை வாங்கினாள், அவளுக்கு முட்டை பொரித்தாள். சிவப்பு நாடாப் பொதியை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். கல்லுப்போலக் கிடந்தது.

"இரவைக்கு ஆக்கித் தாறன் பிள்ளை. என்னட்டைச் சொல்லியிருந்தா இப்ப சாப்பிட்டிருப்பாய்."

பிறகு பிள்ளையின் கோப்பையை என் முன்னால் வைத்தாள். மேலே இன்னும் இரண்டு கரண்டி கறி.

"உங்களுக்கு ஒண்டும் செய்யாது. தின்னுங்கோ."

தின்றேன். உப்பு, புளி எல்லாம் அளவு.