நெஞ்செரிச்சலுக்குப் புது கேப்சூல்

1 மார்ச் 1989, புதன்
பொழுதோட சாப்பிட்டு முடிக்கிற சமண வீடு எங்களுது. அப்படியும் படுத்தால் நெஞ்சு எரிகிறது, புளிப்பு தொண்டை வரை ஏறுகிறது. நேற்றும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்கினேன். இன்று வகுப்பில் பாதிப் பாடத்திலேயே குரல் போய்விட்டது. "இப்படியே போனா லீவு போட்டுடுங்க கனகலதா, வேற டீச்சர் பாத்துக்கறேன்"னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க. வேலையும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

3 மார்ச், வெள்ளி
டாக்டர் நமசிவாயம் ஒரு புது மருந்தை ஆராய்ச்சி செய்கிறாராம். கடைக்கு இன்னும் வரவில்லை. சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு அதே மாதிரி கேப்சூலில், அதே மாதிரி குருணையாக வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. "தினம் காலையில ஒண்ணு, முழுசா முழுங்கணும்மா." எல்லாத்துக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். விஷம் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

4 மார்ச், சனி
மாமியார் கேப்சூலைக் கையால்கூடத் தொடவில்லை. "இதோட மேல் ஓடு மாட்டெலும்புல செய்யறதாமே! நம்ம வீட்டுல இதை முழுங்கறதா?" டாக்டரிடம் சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார். கடைசியில் அத்தையே வழி சொன்னாங்க. ஓட்டை நான் பிரித்து எறிந்தேன். உள்ளே இருந்த குருணையை அவங்க கல்வத்தில் நைசாக இடித்து, வெந்நீரில் கரைத்துக் கொடுத்தாங்க. "தொண்டைக்கு இதமா இறங்கும், குடிம்மா."

12 மார்ச், ஞாயிறு
துளிகூடக் குறையல. அத்தை மட்டும் விடாமல் இடிக்கிறாங்க, எனக்கு முன்னாடியே எழுந்து.

21 மார்ச், செவ்வாய்
எரியுது. எரியுது. எனக்கு மாவுதான் வந்திருக்கு. ஊர்ல இத்தனை பேர் இருக்க, எனக்கா மாவு வரணும்? கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது — செத்துத் தொலைஞ்சா தேவலைன்னு இருக்கு.

3 ஏப்ரல், திங்கள்
லீவு எழுதிக் கொடுத்துட்டேன். பிள்ளைங்க முகத்தைப் பார்க்காம வந்துட்டேன்.

24 ஏப்ரல், திங்கள்
ஆராய்ச்சி முடிந்ததென்று டாக்டர் கூப்பிட்டனுப்பினார். "உங்களுக்கு வந்தது நிஜ மருந்துதாம்மா. மத்தவங்களுக்கு நல்லா கேட்டிருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

இடித்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். குருணை மேல் ஒரு பூச்சு இருக்குமாம். அதை இடித்துவிட்டால் வயிற்றுப் புளிப்பே மருந்தை அழித்துவிடுமாம். ஓடு இல்லாமல், குருணையை அப்படியே முழுங்கியிருந்தால்கூடக் கேட்டிருக்குமாம். ஐயோ! மிச்சம் ஏதாவது இருக்கான்னு கெஞ்சினேன். ஒன்றுகூட இல்லை. கடைக்கு எப்போது வரும் என்றும் தெரியாதாம்.

வாசலிலேயே அத்தை நின்றிருந்தாங்க. "என்னம்மா சொன்னாரு?"

"எனக்கு வந்தது வெறும் மாவாம், அத்தை."

"அடப்பாவி! மாவைக் குடுத்தா என் மருமகளை இந்தப் பாடு படுத்தினான்?"னு டாக்டரைத் திட்டித் தீர்த்தாங்க. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.