இரவு இளகுகிறது

செவ்வாய், மேல்நிலையம். பதிவு: நிலையத் தலைவி ஜெனிட்டா

நாள் 311, காலை 6.40
இரவுத் தாழ்வு மைனஸ் 86. நேற்றைய பகல் உச்சம் மைனஸ் 22. பேட்டரி 91 சதவீதம். பனிக்கிணற்றில் தண்ணீர் வருகிறது.

இங்கே நானும் பொறியாளர் பத்ரியும் மட்டும். கீழ்நிலையம் பள்ளத்தாக்கில், வண்டியில் இரண்டு நாள் தூரம். கடுங்குளிர் என்று நிலையத் தலைவி, அதாவது நான், அறிவித்தால் கிணற்றை விட்டுவிட்டுக் கீழே போக வேண்டும் என்பது விதி. கடுங்குளிரை அளப்பது பகல் உச்சமா, இரவுத் தாழ்வா? விதி எழுதிய புண்ணியவான் அதை எழுதவில்லை. நான் நீலகிரிக்காரி. குந்தாவில் ஒரே இரவு உறைபனியில் கேரட் வயல் முழுக்கக் கருகியதைப் பார்த்தவள். குளிர் என்றால் எனக்கு விடியற்காலைதான். இரவு மைனஸ் 95ஐத் தொட்டால் கிளம்புவோம். பத்ரி டெல்லியில் வளர்ந்தவன், பகலைப் பார்க்கச் சொல்கிறான். பார்க்கிறேன், எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நாள் 318, காலை 7.05
புழுதிப்புயல். இரவெல்லாம் புழுதி சுவரில் உரசியது. ஒரு சூரிய மின்பேனல் புழுதியில் புதைந்துவிட்டது. தாழ்வு மைனஸ் 79. உச்சம் மைனஸ் 41. பேட்டரி 74.

இரவு இளகுகிறது. எங்கள் ஊரில் இரவில் மேகம் மூடினால் உறைபனி விழாது, கம்பளியை உதறிவிட்டுத் தூங்கலாம். இங்கே மேகத்துக்குப் பதில் புழுதி. இதைச் சொன்னதும் பத்ரி சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தான். அறையின் ஒலிப்பதிவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

“டெல்லில மூடுபனி போட்டா ராத்திரி ஏழு டிகிரி, மத்தியானம் பதினொண்ணு. ராத்திரி குளிரை ரோட்டோரத்து ஆளுங்க எப்படியாவது தாங்கிடுவாங்க மேடம். மத்தியானமும் விடாத குளிர்லதான் செத்தாங்க. வண்டில சார்ஜ் இருக்கறப்பவே கிளம்பிடலாம்.”

கிளம்பினால் கிணறு உறைந்துவிடும். பத்து மாதம் ரத்தம் கக்கித் தோண்டிய கிணறு. முடியாது என்றேன்.

நாள் 323, பகல் 1.20
தாழ்வு மைனஸ் 74. உச்சம் மைனஸ் 55. பேட்டரி 38.

பத்ரி வெளியே போய் இரவு வெப்பமானியைச் சுத்தியலால் நொறுக்கினான். ஹெல்மெட் ரேடியோவில் அவன் குரல்: “இனிமே எதைப் பார்த்து மனசைத் தேத்திப்பீங்க?”

உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் மூக்கில் குத்தினேன். எலும்பு உடைந்தது கேட்டது. அவன் என் கழுத்தைப் பிடித்துக் கண் இருட்டும்வரை நெரித்தான். மணிக்கட்டைக் கடித்துத்தான் விடுவித்துக்கொண்டேன். இருவரும் தரையில் கிடந்து மூச்சு வாங்கினோம். பிறகு எழுந்து மாற்று வெப்பமானியை நானே பொருத்தினேன். என்னிடமா விளையாடுகிறான்.

நாள் 325, பகல் 3.10
பத்ரி செத்துவிட்டான்.

வண்டியின் சார்ஜ் கம்பியைப் பிடுங்கிக் கிளம்பத் தயாராக இருந்தான். கிணற்றைத் துளைக்கும் இரும்புக் கம்பியோடு வண்டிக்கு முன்னால் நின்றேன். இறங்கி வந்தான். ரேடியோவில் சொன்னான்: “ஏறுங்க மேடம். சண்டையைக் கீழ போய் வச்சுக்கலாம்.” என் கையைப் பிடித்து இழுத்தான். அடித்தேன். தோளில் பட்டது. அவன் உதைத்ததில் என் முழங்கால் எதிர்ப்பக்கமாக மடங்கி முறிந்தது. விழுந்தபடியே மறுபடி வீசினேன். முகக்கண்ணாடி பிளந்தது. காற்று வெளியே பீறிட்டது. அவன் விரல்கள் என் பூட்ஸைப் பிடித்தபடியே உறைந்துவிட்டன. ஒவ்வொன்றாக உடைத்துத்தான் காலை எடுத்தேன்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கீழ்நிலையத்துக்கு நான் அனுப்பியது: “பத்ரிக்கு விபத்து. எனக்குக் கால் உடைந்துவிட்டது. ஆள் அனுப்புங்கள். இரவு மைனஸ் 71தான், பயமில்லை.”

பதில், ஓட்டுநர் ஷாகுல்: “டாக்டரம்மாவக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்புறேன் மேடம். புயல் இங்க வரல, நல்ல வெயிலு. பாதி வழியில பேனலை விரிச்சு ஒரு தடவ சார்ஜ் போட்டா போதும், வந்துருவோம்.”

இங்கே பகல் எப்படி என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாள் 326, பகல் 12.00
தாழ்வு மைனஸ் 69. உச்சம் மைனஸ் 67. பேட்டரி 4.

நட்ட நடு மத்தியானம். விளக்கில்லாமல் என் கை எனக்குத் தெரியவில்லை. வண்டிவரை தவழ்ந்து போய்ப் பார்த்தேன். அதில் இருந்த சார்ஜும் குளிரில் வடிந்துவிட்டது, பேனலிலிருந்து ஒரு துளி மின்சாரம் ஏறவில்லை. இரவில் சூட்டை உள்ளேயே பிடித்துவைத்த அதே புழுதி பகலில் வெயிலை மறித்துவிட்டது. ஊட்டியில் மேகம் காலையில் கலைந்துவிடும். இது கலையாது. எவ்வளவு மோசமான இரவையும் தாண்டிவிடலாம், மறுநாள் பகல் என்று ஒன்று வந்தால். பத்ரி அதைத்தான் தொண்டை கிழியச் சொன்னான். நான் அவனை அடித்துக் கொன்றேன்.

ஷாகுலைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒலிபரப்பியை அழுத்தினேன், விளக்கு எரியவில்லை. அனுப்புவதற்கு மின்சாரம் போதாது. கேட்க மட்டும் முடிகிறது. திரும்பிப் போ ஷாகுல் என்று இருட்டில் கத்திக்கொண்டே இருந்தேன்.

நாள் 327
தாழ்வு 68. உச்சம் 68.
கிணறு உறைந்துவிட்டது. விரல் மடங்கவில்லை. இதை எடுப்பவர் யாரானாலும், வண்டியருகே கிடப்பவன் பேச்சைக் கேளுங்கள்

அறையின் ஒலிப்பதிவில் கடைசியாக இருப்பது. ரேடியோ, ஷாகுல்:

“மேடம், பாதி வழி வந்துட்டோம். ஒரே புழுதி. நீங்க சொன்னது சரிதான், ராத்திரி குளிரு அப்படி ஒண்ணும் இல்ல. சார்ஜ் சுத்தமாத் தீந்துடுச்சு, பேனலை விரிச்சு வச்சிருக்கேன். டாக்டரம்மாவுக்குத்தான் உடம்பு நடுங்குது. மணி பன்னெண்டாச்சு, இங்க இன்னும் விடியல மேடம். அங்க விடிஞ்சிருச்சா?”