இரண்டு பேர் பார்க்கும் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

‘இந்தப் பெருக்கல் தப்பு சார்’ என்று இன்று நான் சொல்லவில்லை.

களம்பூர் அரிசி ஆலையில் நெல் வேகவைக்கும் பாய்லருக்குப் பாதுகாப்பு அறிக்கை தயாரிக்கிறோம். தண்ணீர் குறைந்தால் பாய்லர் வெடிக்கலாம். பக்கத்துக் களத்திலேயே பெண்கள் நெல் கிளறுகிறார்கள். அதனால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் தவறவிட நூறில் ஒரு வாய்ப்பு என்றால், இருவருமே தவறவிடப் பத்தாயிரத்தில் ஒன்று என்று எங்கள் மேலாளர் வெற்றிச்செல்வன் சார் பெருக்கிப் போட்டிருக்கிறார். இருவரும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. பார்க்கிறார்களா?

மார்ச் 5

ஆலையில் போய் நின்றேன். இருவரில் மூத்தவரான எல்லப்பன் குழாயைப் பார்த்துவிட்டு, “தண்ணி கரெக்டா கீது மாப்ள” என்றார். அவருடைய மருமகன் சுதாகர் திரும்பவே இல்லை. “சரிங்க மாமா.” கையெழுத்துப் போட்டாயிற்று.

“நீங்க பாக்கலையா?” என்று தனியாகக் கேட்டேன்.

“மாமா பாத்த பிறகு நான் போயி எட்டிப் பாத்தா, அவர நம்பலன்னு ஆயிடும் மேடம். வூட்ல பேஜாரு.”

சோம்பல் இல்லை. பெண் கொடுத்தவர், வேலையும் வாங்கிக் கொடுத்தவர். அவர் தவறினால் இவரும் தவறுவார். பத்தாயிரமாவது ஒன்றாவது! வெறும் நூறில் ஒன்றுதான்.

மார்ச் 6

எங்கள் தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நூலை நீளமாக விரித்திருந்தார்கள். ஆட்டோ உள்ளே வரவில்லை. நடந்துகொண்டே யோசித்தேன். மாமனாரைச் சந்தேகப்பட மருமகனால் முடியாது. மருமகனைச் சந்தேகப்பட மாமனாருக்கு என்ன தயக்கம்?

மார்ச் 7

சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் தன் கணக்கை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு, “இத ஏம்மா செவ்வாக்கிழமையே சொல்லல?” என்றார். அவ்வளவுதான்.

இனி சுதாகர் முதலில் பார்ப்பார், எல்லப்பன் பிறகு. எல்லப்பனுக்கு ஒரே குஷி. “மாப்ள வேலையில நொட்ட சொல்றதுக்கு எனக்குக் கத்துத் தரணுமா?”

“இப்ப மட்டும் சொல்லாமலா கீறாரு?” என்றார் சுதாகர்.

அறிக்கையில் பத்தாயிரம் என்று இப்போதும் போடவில்லை. ஒரே வீட்டு ஆட்கள். ஒருவர் சொல் மற்றவர் காதில் விழாமல் போகாது. நடுவில் ஒரு எண் போட்டோம். மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஏப்ரல் 9

காலையில் சுதாகர் பார்த்து, சரி என்றிருக்கிறார். பிறகு எல்லப்பன் பார்த்தார். பாய்லர் ஓடும்போது குழாயில் மட்டம் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். “தண்ணி கொஞ்சங்கூட ஆடலியே மாப்ள, என்னாத்த பாத்த?” கண்ணாடிக் குழாயின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. குழாயில் அழுக்கு அடைத்து, பழைய மட்டமே நின்றிருக்கிறது. பாய்லருக்குள் தண்ணீர் அபாய அளவுக்கும் கீழே. உமித் தீயை அணைத்து, களத்துப் பெண்களை வெளியே அனுப்பினார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. நெல் மறுநாள் வெந்தது.