உப்பை மேசையில் வைக்கச் சொன்னேன்

ஓல்டன், சுவிஸ்,
ஜூன் 14

அன்புள்ள யசோதரா மச்சாளுக்கு,

நானும் மதுஜாவும் சுகம். உங்கள் தலையிடி குறைந்ததா, பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்தி முடிந்ததா என்று அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பியிருக்கலாம். இந்தச் செய்தியை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. நான் பாஸ், மச்சாள்! தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. செப்டெம்பரில் வகுப்பு தொடங்குகிறது. இனி முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டு தூக்கியே என் காலம் போகாது.

மற்றப் பாடங்கள் ஒருவிதமாகத் தப்பிவிட்டன. இரசாயனவியல் வாய்மொழிப் பரீட்சையில்தான் உயிர் போய் வந்தது. போன வருடம் அதில்தான் கோட்டை விட்டேன், உங்களுக்குத் தெரியும். இந்த முறையும் தவறினால் பிறகு எழுத விடமாட்டார்கள்.

பரீட்சித்தவர் ஃபிராவ் கெர்பர் என்ற அம்மா. மேசையில் ஒரு சுத்தியலும் செப்புத் தகடும் இருந்தன. அவர் ஒரு பெட்டியிலிருந்து பெரிய உப்புக் கட்டி ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். எங்கள் ஆட்கள் யாராவது உப்பைக் கைக்குக் கை வாங்குவார்களா? என் கை தன்பாட்டில் பின்னுக்குப் போய்விட்டது. தயவுசெய்து மேசையில் வையுங்கள் என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் குனிந்து ஏதோ எழுதினார். சாப்பாட்டு உப்பைத் தொடப் பயப்படுகிறவள் ஆஸ்பத்திரியில் என்ன கிழிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

இது ஆபத்தான பொருள் என்று நினைக்கிறீர்களா என்று ஃபிராவ் கெர்பர் நேராகவே கேட்டார். மழுப்பி என்ன பயன்? உண்மையைச் சொன்னேன். எங்களில் உப்பைக் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள், இன்றைக்கு உங்களோடு சண்டை பிடிக்க எனக்குக் கட்டுப்படியாகாது என்றேன், என் உடைந்த ஜெர்மனில். மனுஷி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கட்டியை மேசையில் வைத்துவிட்டு, சரி, இந்த உப்புக்குள் எப்போது சண்டை வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்.

அந்தக் கேள்விக்காகவே நீங்கள் என்னைப் பழக்கியிருந்தீர்கள் போல. சோடியம் தன் இலத்திரன் ஒன்றைக் கொடுத்து நேரேற்றம் பெறுகிறது, குளோரின் அதை வாங்கி மறையேற்றம் பெறுகிறது, அந்த இழுவையில்தான் இரண்டும் ஒட்டியிருக்கின்றன என்று தொடங்கினேன். ஒரே ஏற்றம் உள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வராமல், ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருக்கும். சுத்தியலால் அடித்தால் ஓர் அடுக்கு நகர்ந்து நேரேற்றத்துக்கு நேரே நேரேற்றமே வந்து நிற்கும், ஒன்றையொன்று தள்ளும், கட்டி பிளந்துவிடும் என்றேன். அடித்துப் பாருங்கள் என்றார். பிளந்தது.

தகட்டையும் அடித்தேன். தட்டையானதே தவிர உடையவில்லை. ஏன் என்று கேட்டபோது எனக்குக் கேட்டது உங்கள் குசினிச் சத்தம். நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவில் நெளிந்த கேத்திலைக் கரண்டியால் அடித்துக்கொண்டே, “பாடமாக்காதையும் சுகந்தி, இந்தக் கேத்திலை யோசிச்சுப் பாரும்” என்றீர்களே, அது. உலோகத்தில் வெளி இலத்திரன்கள் எந்த அணுவுக்கும் தனிச் சொந்தமில்லை, எல்லாவற்றுக்கும் நடுவே ஓடித் திரிகின்றன. அதனால் அடுக்கு நகர்ந்தாலும் பிடி விடுவதில்லை என்று சொல்லி முடித்தேன். இடையில் எலெக்ட்ரோன் என்பதற்குப் பதிலாக இலத்திரன் என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

மச்சாள், நீங்கள் இதைச் செய்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தம்பிக்கும் எனக்கும் கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. நீங்கள் மட்டும் அடுத்த கிழமையே, ஒன்றும் நடக்காதது போல, சோடியத்தைப் பற்றி ஒலிப்பதிவு அனுப்பினீர்கள். உங்கள் அம்மா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துப் பேசினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கேற் திறக்கும் சத்தத்தோடு எத்தனை பாடம் பாதியில் நின்றிருக்கிறது! போன ஞாயிறு பேர்ண் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் உறவுமுறை கேட்கவில்லை, நட்சத்திரம்தான் கேட்டார். உங்கள் நட்சத்திரம் எனக்கு மறக்கவில்லை. இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

இன்னொன்று. நீங்கள் சொல்லத் தயங்கியதை மதுஜா சொல்லிவிட்டாள். ஓர்லிகோனில் தகப்பனிடம் போய் வந்தவள், “அம்மா, ஆகஸ்ட்டில அப்பான்ர கலியாணத்துக்கு மாமியும் வாறாவாம்” என்றாள். உங்களுக்கு விசா கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். கலியாணம் நல்லபடியாக நடக்கட்டும். மனதில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருக்கிறது. அது உங்களோடு இல்லை.

அங்கிருந்து ஓல்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு பகல் வாருங்கள். இறால் சொதியும் சோறும் ஆக்கி வைக்கிறேன். கலியாண வீட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டேன். எங்கே போகிறாய் என்று அங்கே கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். உங்களிடம் படித்துப் பாஸான பிள்ளை ஒன்றைப் பார்க்கப் போவதாகச் சொல்லுங்கள். அது பொய்யில்லையே. நான் ஸ்டேஷனில் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மச்சாள்,
சுகந்தி