தொயே வீட்டுச் சாவில் கேலி செய்ய அனுமதி கோரி

அனுப்புநர்:
அம்ப்ருவாஸ் சுங்ரானா,
பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர்,
தோமா, புர்கினா ஃபாசோ.
(தற்போது: மன்றத்தின் பாதுகாப்பு விடுதி, வாகடூகு)

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பன்னாட்டுக் கட்டாய உழைப்பு விசாரணை மன்றம்,
வாகடூகு.

பொருள்: ஃபிர்மின் தொயே என்பவருடைய தாயாரின் கருமாதியில் கலந்துகொள்ளவும், அங்கே அவரைக் கேலி செய்யவும் அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பதிவாளர் அம்மா அவர்களுக்குப் பணிவுடன் எழுதிக்கொள்வது.

1. தங்கள் மன்றத்தில் நடந்துவரும் வழக்கில் பாதிக்கப்பட்டவன் என்று பதிவாகியிருப்பவன் நான். என்னை அடிமையாக வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக் காவலில் இருப்பவர் ஃபிர்மின் தொயே. எங்கள் ஊரில் மாவு மில் வைத்திருப்பவர். எனக்குப் பால்ய நண்பர். அவருடைய தாயார் மார்த் அம்மாள் சென்ற வாரம் காலமானார். அடக்கம் முடிந்துவிட்டது. வரும் சனிக்கிழமை கருமாதி. காவலர்களுடன் போய்வர ஃபிர்மினுக்கு மன்றம் அனுமதி கொடுத்திருக்கிறது. நானும் அவரும் நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு இருப்பதால் எனக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். நான் போகாமல் அந்தச் சாவு தீராது. காரணத்தை எழுதுகிறேன்.

2. நான் மோசி இனம். ஃபிர்மின் சாமோ. இந்த இரண்டு இனத்தாருக்கும் கேலிமுறை. கண்ட இடத்தில் ஒருவரை ஒருவர் அடிமை, திருடன், நாய்க்கறியில் தலைத்துண்டுக்கு அலைபவன் என்று வைய வேண்டும். கோபப்படக் கூடாது. வையாமல் மரியாதையாகப் பேசிவிட்டால், இருவருக்கும் என்ன தகராறோ என்று ஊர் கவலைப்படும். தங்கள் வாயிற்காவலர் முதற்கொண்டு இந்த நாட்டில் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மன்றத்தார் எவரையும் கேட்கவில்லை.

3. தங்கச் சுரங்கங்களில் நடக்கும் கட்டாய வேலையைப் பற்றி விசாரிக்கத் தங்கள் அதிகாரிகள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். நல்ல காரியம், அதில் எனக்குக் குறை இல்லை. சோளத்தில் காய்ச்சிய கள் விற்கும் கடையில் உட்கார்ந்திருந்த எங்களிடம் பேச்சுக் கொடுத்தார்கள். ஃபிர்மின் என்னைக் காட்டி, "இவன் என் அடிமைங்க. இவங்கப்பனும் எங்க வீட்டு அடிமைதான். வேலை ஒண்ணும் செய்ய மாட்டான், தின்னு மட்டும் தீத்துருவான்" என்றார். "ஆமாங்க, கறிய இவன் தின்னுட்டு எலும்பத்தான் எனக்குப் போடுறான்" என்றேன் நான். கடையே சிரித்தது. வந்தவர்களில் ஓர் அம்மையாருக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. இளகிய மனசு. பிறகு அவர் என்னைத் தனியே அழைத்து, விடுதலை வேண்டுமா என்று கேட்டார். "விடுதலை ஆயிட்டா எனக்கு யாரும்மா சோறு போடுவா?" என்று சொல்லிவைத்தேன். ஃபிர்மின் காதில் விழும் தூரத்தில் இருந்தார். கேலியைப் பாதியில் விடுவது எங்களில் அவமரியாதை. கொஞ்ச நாளில் அவரைக் கைது செய்தார்கள். என்னை விடுதிக்கு ஏற்றிவந்தார்கள்.

4. நான் அடிமை இல்லை என்று எழுத்து மூலம் பலமுறை மறுத்துவிட்டேன். நெடுங்காலம் அடிமைப்பட்டவர்கள் எசமானுக்குப் பரிந்து பேசுவது இயல்பு என்று மன்றத்தின் மனநல ஆலோசகர் அறிக்கை கொடுத்திருக்கிறார். நான் அரசாங்கச் சம்பளம் வாங்குபவன், என் வீடு ஃபிர்மின் வீட்டைவிடப் பெரியது என்றேன். அதைக் கற்பனை என்று எழுதிக்கொண்டார். உயிரோடு இருப்பவன் பெயரை இறந்தவர் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், அவனே வந்து நின்றாலும் அழிப்பது சிரமம். நான் பார்ப்பது அந்த வேலைதான் என்பதால் தங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் வந்து நிற்கிறவனை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் உண்டு.

5. முதல் அமர்வில் நீதிபதி ஃபிர்மினிடம், சுங்ரானா உங்கள் அடிமையா என்று கேட்டார். கேலிமுறைக்காரன் எதிரில் இருக்கும்போது இல்லை என்று சொன்னால் உறவை அறுத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே ஃபிர்மின், "பின்ன? ஒரு நாய்த்தலை குடுத்து வாங்குனோம். அதுவே நஷ்டம்" என்றார். பார்க்க வந்திருந்த ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர், பாரபட்சம் கூடாது என்பதற்காக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. சிரிப்பை மொழிபெயர்க்க அவருக்கு உத்தரவு இல்லை.

6. இரண்டாம் அமர்வுக்குள் ஃபிர்மினை அவருடைய வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார். அதே கேள்விக்கு ஃபிர்மின் கையைக் கட்டிக்கொண்டு, "இல்லீங்க. சுங்ரானா ஐயா எனக்கு யாரும் இல்லீங்க" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. வழக்குக்கு அது நல்லது என்று வக்கீல் சந்தோஷப்பட்டார். நான் விடுதிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வழக்கில் எனக்குப் பாதிப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு யார்மேல் வழக்குப் போடுவது என்று தெரியவில்லை.

7. சாமோ வீட்டில் சாவு விழுந்தால் மோசி முறைக்காரன் ஒருவன் போய், இறந்தவருடைய துணியை உடுத்தி, அவரைப் போலவே நடந்து, பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அப்போதுதான் துக்கம் கலையும். மார்த் அம்மாள் என்னை அடிமைப்பயல் என்றுதான் கூப்பிடுவார். மகனுக்கு முன்னால் எனக்குத்தான் பரிமாறுவார். நான் விடுதிக்கு வருவதற்கு முன்பே படுக்கையில் விழுந்துவிட்டார். அப்போது என்னிடம் சொன்னது இது: "என் தலைத்துணிய நீதான்டா கட்டிக்கிட்டு ஆடணும். என்ன மாதிரியே எடது கால இழுத்து இழுத்து நட. சரியா நடக்கல, எந்திரிச்சு வந்து அடிப்பேன்." எங்கள் ஊரில் வேறு மோசிகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஆடுவார்கள், ஜனங்களும் சிரிப்பார்கள். ஃபிர்மின் சிரிக்க மாட்டார்.

8. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரும் மனு தனியே தங்களிடம் இருக்கிறது. அது தங்களுக்குத் தோதான வேகத்தில் நடக்கட்டும். இந்த மனுவில் நான் கேட்பது சனிக்கிழமை ஒரு நாள் மட்டும். பாதுகாப்பு உத்தரவை அன்று நிறுத்திவையுங்கள். எங்களுக்கு நடுவே எத்தனை காவலர் வேண்டுமானாலும் நிற்கட்டும். நான் ஃபிர்மினை வைவேன். பெற்ற தாய்க்குக் கஞ்சி ஊற்றாமல் ஜெயிலில் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொண்டவன் என்று ஊர் கேட்க வைவேன். பதிலுக்கு அவர் என்னை வைய வேண்டும். இனி எது சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள் என்று பயந்துபோயிருக்கிறார். ஆகவே, அன்று அவர் வாயிலிருந்து வரும் எந்த வார்த்தையையும் மன்றம் எழுதிக்கொள்ளாது என்று தங்கள் கையெழுத்துடன் ஒரு வரி முன்கூட்டியே அவர் கையில் சேர வேண்டும். சேராவிட்டால், பெற்றவளின் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு எதிரில் போய் நிற்கும் என்னை, அவர் "வாங்க ஐயா" என்பார்.

தயவுசெய்து அப்படி நடக்க விடாதீர்கள், அம்மா.

இடம்: வாகடூகு
நாள்: 14.05.2019

இங்ஙனம்,
அம்ப்ருவாஸ் சுங்ரானா
(ஒப்பம்)